தனியாக ஆற்றில் மீன் பிடிக்க காற்றடைத்த படகு: வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

கரையில் நின்று தூண்டில் போடுபவர்களுக்குத் தெரியும். மீன் துள்ளுவது எதிர்க்கரை மரத்தடியில். நம்ம இரை விழுவதோ பாதி ஆற்றில். அந்த மீதித் தூரத்தைக் கடக்கத்தான் ஒருவர் மட்டும் உட்காரும் காற்றடைத்த பாண்டூன் படகைப் பலர் இணையத்தில் தேடுகிறார்கள். காற்றை இறக்கினால் மைவி காரிலேயே கொண்டு போகலாம். ஜெட்டி வேண்டாம். படகுக்காரருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

விளம்பரப் படங்களில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: இரண்டு குழாய், நடுவில் நாற்காலி, பக்கத்தில் துடுப்பு. அப்புறம் விலையைப் பார்த்து முடிவு பண்ணிடலாமா?

கொஞ்சம் பொறுங்க. "இது மிதக்குமா?" என்பது இங்கே கேள்வியே இல்லை. விற்கிற எல்லாப் படகும் மிதக்கும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: "நான் போகும் ஆற்றில், நான் நினைக்கிற நேரத்தில், இந்தப் படகைக் கரை சேர்க்க என்னால் முடியுமா?" படகின் நீளம், எடை, துடுப்பு, குழாய் எல்லாமே இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பாண்டூன் படகு என்றால் என்ன?

சுருட்டு வடிவில் இரண்டு காற்றுக் குழாய்கள். அவற்றை இணைக்க இரும்பு அல்லது அலுமினியச் சட்டகம். நடுவில் இருக்கை, கால் வைக்கக் கம்பி, இரு பக்கமும் துடுப்பு மாட்டும் வளையம். பொதுவாக 8 முதல் 9 அடி நீளம் இருக்கும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடிய இரண்டு பொருள்கள் சந்தையில் உண்டு.

ஒன்று, 'ஃப்ளோட் டியூப்'. குதிரை லாட வடிவில் இருக்கும். இடுப்புக்குக் கீழே தண்ணீரில் இருக்க, காலில் நீச்சல் துடுப்பு மாட்டி உதைத்துப் போக வேண்டும். விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் அது அசையாத நீருக்கானது. ஓடும் ஆற்றில் காலால் மட்டும் உதைத்து நீரோட்டத்தை வெல்ல முடியாது. சரவாக் ஆறுகளைப் போல முதலை நடமாடும் நீரில் காலைத் தொங்கவிடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

உடம்பு நேரடியாகத் தண்ணீரில் இருப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2010-இல் பகாங், லூபுக் யூவில் மூழ்கியவரைத் தேட நீரில் இறங்கியவர்களில் சிலர், எலிச் சிறுநீர்க் காய்ச்சல், மெலியோய்டோசிஸ் ஆகிய தொற்றுகளால் உயிரிழந்தார்கள். காலில் காயம் இருந்தால் ஆற்று நீரில் இறங்காமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது, காற்றடைத்த கயாக். வேகமாகப் போகும். ஆனால் தாழ்வாக உட்கார வேண்டும், துடுப்பைக் கையிலிருந்து கீழே வைத்தால்தான் தூண்டிலை எடுக்க முடியும். பாண்டூனில் இருக்கை உயரமாக இருப்பதால் தூண்டில் வீசுவது சுலபம். துடுப்பும் வளையத்திலேயே நிற்கும். பாண்டூனின் குறை என்னவென்றால், உயரமாக இருப்பதால் காற்று அதை எளிதில் தள்ளிவிடும்.

முதலில் ஆறு, அப்புறம் படகு

நீங்கள் அடிக்கடி போகும் ஆறு எப்படிப்பட்டது? மலேசிய ஆறுகளை மூன்று விதமாகப் பிரித்துப் பாருங்கள்.

முதலாவது, அகலமாக, மெதுவாக ஓடும் ஆறும் ஏரிப் பகுதியும். டோமான் பிடிப்பவர்கள் தேடுவது இந்த அமைதியான நீரைத்தான். சாதாரண 8 அடி பாண்டூன் இங்கே போதும்.

இரண்டாவது, பாறையும் வேகமும் உள்ள மேல்பகுதி. செபாராவ் ஓடும் நீரை விரும்பும் மீன். அதைத் தேடினால் இங்கேதான் வந்து நிற்பீர்கள். ஆற்றின் கடினத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கும் அனைத்துலக அளவுகோல் ஒன்று உண்டு. விலை குறைந்த பாண்டூன்கள் பெரும்பாலும் தரம் 1-க்கு, அதாவது சிற்றலையும் தெளிவான வழியும் உள்ள நீருக்கு மட்டுமே செய்யப்பட்டவை. கோப்பெங் அருகே கம்பார் ஆறு, கோல குபு பாருவில் சிலாங்கூர் ஆறு ஆகியவற்றில் ராஃப்டிங் நடக்கும் பகுதிகள் அதற்கு மேல். அங்கே வழிகாட்டியும் தடித்த ராஃப்டும் இருக்கின்றன என்பதை மறக்காதீங்க.

மூன்றாவது, அணைக்குக் கீழே ஓடும் ஆறு. பேராக் ஆற்றில் மட்டும் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டெரோ என நான்கு நீர்மின் அணைகள் வரிசையாக இருக்கின்றன. மின் உற்பத்திக்காகத் தண்ணீர் திறக்கப்படும்போது, மழையே இல்லாமல் ஆறு உயரும். காலையில் நீங்கள் இறங்கிய மணல் திட்டு மாலையில் இருக்காது. இங்கே போகும் முன் உள்ளூர் மீனவரிடம் நீர் திறக்கும் நேரத்தைக் கேளுங்கள். சைரன் கேட்டால் உடனே கரை ஏறுங்கள்.

ஆற்றின் வேகத்தை அளக்க ஒரு சுலபமான வழி: கரையில் 10 மீட்டர் அளந்துகொள்ளுங்கள். ஒரு குச்சியை நடு நீரோட்டத்தில் போடுங்கள். அது 10 மீட்டரைக் கடக்க 10 நொடி எடுத்தால், வேகம் மணிக்கு 3.6 கிலோமீட்டர். நடக்கும் வேகத்தைவிடச் சற்றுக் குறைவு, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் பழகாத ஒருவர் அந்த வேகத்தை எதிர்த்துப் பாண்டூனில் தொடர்ந்து துடுப்புப் போடுவது கடினம். நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், அது படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். குச்சி 5 நொடியில் கடந்துவிட்டால், அது புதியவர்களுக்கான இடம் இல்லை.

எவ்வளவு எடை தாங்கும்?

பெட்டியில் '300 பவுண்ட்' அல்லது '400 பவுண்ட்' என்று போட்டிருப்பார்கள். கிலோவில் சொன்னால் 136, 181. "நான் 80 கிலோதான், தாராளமாப் போதும்" என்று நினைக்கத் தோன்றும். சரி, கணக்குப் போடுவோம்.

ஒரு லிட்டர் நீரை விலக்கினால் ஏறத்தாழ ஒரு கிலோ எடை மிதக்கும். 9 அடி நீளம், 40 சென்டிமீட்டர் விட்டம் உள்ள ஒரு குழாயில், கூர்மையான முனைகளைக் கழித்தால் சுமார் 300 லிட்டர் காற்று இருக்கும். இரண்டுக்கும் 600 லிட்டர். அப்படியானால் 600 கிலோ ஏற்றலாமா? கூடாது. குழாய்கள் முழுதாக மூழ்கும் அளவு அது. பாதி மூழ்கினாலே படகு கனத்து, திரும்ப மறுக்கும். ஒரு குழாயில் ஓட்டை விழுந்தால் மற்றக் குழாய் மட்டுமே உங்களைத் தாங்க வேண்டும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் அளவைக் குறைத்துச் சொல்கிறார்கள்.

இப்போது உங்கள் எடை 80, குளிர்ப்பெட்டி 12, தூண்டில் சாமான் 8, தண்ணீரும் சாப்பாடும் 5, பேட்டரி 15 என்று கூட்டினால் 120 கிலோ. 136 கிலோ படகில் எல்லையை நெருங்கிவிட்டீர்கள். சொல்லப்பட்ட அளவில் முக்கால் பங்குக்கு மேல் போகாதபடி தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. அந்த அளவில் சட்டகத்தின் எடை சேர்ந்திருக்கிறதா, இல்லையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படகின் சொந்த எடையையும் பாருங்கள். பல பாண்டூன்கள் 25 முதல் 35 கிலோ வரை இருக்கும். காரிலிருந்து ஆற்றுக்குச் சேற்றில் 200 மீட்டர் தூக்கிக்கொண்டு போக முடியுமா? திரும்பி வரும்போது, களைத்துப் போன பிறகு?

குழாய்: உள்ளே என்ன இருக்கிறது?

இரண்டு வகை உண்டு. ஒன்றில் வெளியே தடித்த உறை, உள்ளே தனியாக ஒரு காற்றுப் பை. சைக்கிள் டயரும் டியூபும் மாதிரி. பை ஓட்டையானால் அதை மட்டும் மாற்றலாம். விலையும் குறைவு. மற்றொன்றில் தடித்த பிவிசி துணியே காற்றைத் தாங்கும். தனிப் பை கிடையாது. பாறையில் உரசினாலும் அதிகம் தாங்கும், சீக்கிரம் காயும், ஆனால் விலை கூடும்.

எதுவானாலும் ஒவ்வொரு குழாயிலும் எத்தனை அறை என்று கேளுங்கள். ஒரே அறை என்றால், ஒரு ஓட்டையில் அந்தப் பக்கம் முழுதும் படுத்துவிடும். பாறை உள்ள ஆற்றுக்குப் போகிறவர்கள் குழாய்க்கு இரண்டு அறை உள்ளதைத் தேடுவது நல்லது.

ஓட்டை பாறையால் மட்டும் வருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்று முள் தூண்டில், பாவுங் மீனின் முள், கத்தி எல்லாம் உங்கள் மடிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. தூண்டில் முள்ளுக்கு உறை போடுங்கள். பிடித்த மீனைக் குழாய்மேல் போடாதீர்கள்.

துடுப்புதான் பிரேக்

விளம்பரத்தில் யாரும் பேசாத பாகம் இது. மலிவான படகுகளில் குட்டையான, இரண்டு மூன்று துண்டாகச் சேர்க்கும் துடுப்பு வரும். இணைப்பு ஆடினால், அவசர நேரத்தில் உங்கள் பலம் நீருக்குப் போய்ச் சேராது. 8, 9 அடி படகுக்கு 6 முதல் 7 அடித் துடுப்பு பொருந்தும். கடையில் உட்கார்ந்து இழுத்துப் பாருங்கள். கை முழங்காலில் இடிக்குதா? கால் கம்பி உங்கள் உயரத்துக்கு நகருமா? காலை ஊன்ற முடியாவிட்டால் பலமாக இழுக்க முடியாது.

பாண்டூனை ஓட்டும் முறையும் கொஞ்சம் வித்தியாசம். ஆறு போகும் திசையைப் பார்த்தபடி உட்காருவீர்கள். துடுப்பை உங்களை நோக்கி இழுத்தால் படகு முதுகுப் பக்கமாக, நீரோட்டத்துக்கு எதிராக நகர முயலும், வேகம் குறையும். முன்னால் பாறையோ விழுந்த மரமோ தெரிந்தால், முகத்தை அதன் பக்கம் திருப்பி, முதுகைப் பாதுகாப்பான கரைப் பக்கம் சாய்த்து இழுக்க வேண்டும். ஆபத்தைப் பார்த்துக்கொண்டே அதிலிருந்து விலகுவதுதான் இதன் சூட்சுமம். இதை அமைதியான நீரில் பத்து இருபது தடவை பழகிய பிறகே ஆற்றுக்குப் போங்கள்.

விழுந்த மரங்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். நீர் கிளைகளுக்கு இடையே புகுந்து போய்விடும். படகும் ஆளும் போக முடியாது. சல்லடையில் சிக்கின மாதிரி நீர் உங்களை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

நங்கூரமும் மோட்டாரும் தேவையா?

ஏரியில் நங்கூரம் உதவும். ஓடும் ஆற்றில் அதுவே ஆபத்தாகலாம். நங்கூரம் மூழ்கிய மரத்தில் சிக்கினால், படகு நிற்கும், நீர் நிற்காது. குழாயின் ஒரு முனை கீழே இழுக்கப்படும். கயிற்றை ஒரே இழுப்பில் விடுவிக்கும் பிடி இல்லாத படகில் ஆற்றில் நங்கூரம் போடாதீர்கள். பாறைக்குப் பின்னால் நீர் அமைதியாகத் திரும்பிச் சுழலும் இடத்தில் ஒதுங்குவதோ, கரையில் நிறுத்துவதோ மேல்.

சிறிய மின் மோட்டார் மாட்ட சில படகுகளில் இடம் இருக்கும். ஆனால் 12 வோல்ட், 50 ஆம்பியர் ஹவர் ஈய பேட்டரி ஒன்றே 15 கிலோ இருக்கும். அதே அளவு லித்தியம் பேட்டரி சுமார் 6 கிலோ. மோட்டார் நின்றாலும் துடுப்பால் கரை சேர முடியும் என்றால் மட்டும் மாட்டுங்கள். மோட்டார் பொருத்தினால் விதிகளும் மாறலாம் என்பதால் மாநில அதிகாரிகளிடம் முதலில் கேளுங்கள்.

பட்ஜெட்டில் முதல் வரி: லைஃப் ஜாக்கெட்

படகுக்கே காசு முடிந்துவிட்டது, ஜாக்கெட் அடுத்த மாதம் பார்த்துக்கலாம் என்பது பலரின் கணக்கு. தலைகீழான கணக்கு அது. படகு கவிழ்ந்தால் அது உங்களை விட்டுப் போய்விடும். ஜாக்கெட்தான் உங்களோடு இருக்கும்.

ஜாக்கெட்டில் எண் ஒன்று இருக்கும். 50 நியூட்டன் என்றால் நீச்சல் தெரிந்தவர்களுக்கான மிதவை உதவி. மயங்கியவரின் முகத்தை அது மேலே திருப்பாது. அதைச் செய்யும் நோக்கில் வடிவமைக்கப்பட்டவை 100 நியூட்டனும் அதற்கு மேலும். தனியாகப் போகிறவருக்குப் பக்கத்தில் ஆள் இல்லை என்பதை வைத்து முடிவெடுங்கள். துடுப்புப் போடும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றி வைக்கும் ஜாக்கெட்டால் பயனில்லை. கடையில் போட்டுக்கொண்டு கையைச் சுழற்றிப் பாருங்கள்.

விசிலை ஜாக்கெட்டில் கட்டுங்கள். கைப்பேசியை நீர் புகாத பையில் போட்டு உடம்போடு வையுங்கள், படகில் அல்ல. படகோடு உங்களைக் கயிற்றால் கட்டிக்கொள்ளக் கூடாது. தண்ணீரில் விழுந்தால், வேகமான நீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். கால் பாறை இடுக்கில் சிக்கும். மல்லாந்து மிதந்து, கால் ஆறு போகும் திசையில் இருக்க, கரைப் பக்கம் நகருங்கள்.

கெப்பாலா ஆயர்: எந்தப் படகும் தாங்காதது

மலாயில் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லும் திடீர் நீர்ப்பெருக்கு, மலையடிவார ஆறுகளின் பெரிய ஆபத்து. உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கலாம். மழை மலைமேல் பெய்திருக்கும். 2021 ஆகஸ்டில் கெடாவின் குனோங் ஜெராய் பகுதியில் கனமழைக்குப் பிறகு பாய்ந்த நீர், யான், மெர்போக் வட்டாரங்களைத் தாக்கி உயிர்களைப் பறித்தது.

அறிகுறிகள் இவை: தெளிந்த நீர் சட்டென்று கலங்கும், இலையும் குச்சியும் மிதந்து வரும், மேலிருந்து இரைச்சல் கேட்கும், நீர்மட்டம் ஏறும். ஒன்றைப் பார்த்தாலே போதும். தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருக்காமல் கரை ஏறி, மேட்டுக்குப் போங்கள். படகை விட்டுவிடுங்கள். படகை இன்னொன்று வாங்கலாம்.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மெட் மலேசியாவின் மைசுவாச்சா செயலியில் வானிலையைப் பாருங்கள், உங்கள் இடத்துக்கு மட்டும் இல்லை, ஆறு தொடங்கும் மலைப்பகுதிக்கும். வடிகால், நீர்ப்பாசனத் துறையின் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் தளத்தில் ஆற்றின் நீர்மட்டம் இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று காட்டப்படும். இயல்பைத் தாண்டினால் பயணத்தை ஒத்திப்போடுங்கள். கிழக்குக் கரை மாநிலங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை என்பதையும் மனத்தில் வையுங்கள்.

நம்ம வெயிலுக்கும் ஈரத்துக்கும்

முழுக்கக் காற்றடைத்த படகை மதிய வெயிலில் கரையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், உள்ளே காற்று சூடாகி அழுத்தம் கூடும். தையலோ பையோ பிளக்கலாம். நிழலில் வையுங்கள், அல்லது கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். அதே காற்று குளிர்ந்த நீரில் சுருங்கும். எனவே தண்ணீரில் வைத்துப் பத்து நிமிடம் கழித்து அழுத்திப் பார்த்து, தளர்ந்திருந்தால் நிரப்புங்கள். கைப்பம்பு எப்போதும் கூடவே இருக்கட்டும்.

ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், இரும்புச் சட்டகம் துருப்பிடிக்கும். வீட்டில் காய வைக்க இடம் இல்லாத அடுக்குமாடியில் இருக்கிறீர்களா? அலுமினியச் சட்டகமும் தனிப் பை இல்லாத குழாயும் கூடுதல் காசுக்குத் தகும்.

பழைய படகு வாங்கினால், காற்றடித்து ஓர் இரவு வைத்துப் பாருங்கள். வால்விலும் தையலிலும் சோப்பு நீர் தடவினால், குமிழி ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். வெயிலில் வெளுத்து வெடித்த துணியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அனுமதி?

நன்னீர் மீன்பிடிப்பு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில ஆறுகளில் அனுமதிச் சீட்டு வேண்டும். பூங்காக்களுக்கு நுழைவு அனுமதி தனி. சபாவில் 'தகால்' முறையில் கிராம மக்கள் பாதுகாக்கும் ஆற்றுப் பகுதிகளில் தடை செய்யப்பட்ட இடங்கள் உண்டு. போகும் முன் மீன்வளத் துறையிடமும் அந்த ஊர்க்காரர்களிடமும் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, கடைக்குப் போகும் முன்

உங்கள் ஆற்றுக்குப் போய்க் குச்சியைப் போட்டு வேகத்தைப் பாருங்கள். எங்கே இறங்குவீர்கள், எங்கே கரையேறுவீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நீரோட்டத்தோடு போன படகைத் திருப்பிக்கொண்டு வர முடியாது, காரை எடுக்க யாராவது வேண்டும். அந்த ஆளிடமே நீங்கள் திரும்ப வேண்டிய நேரத்தையும் சொல்லிவையுங்கள். அந்த நேரம் தாண்டியும் தகவல் இல்லை என்றால் 999-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் உங்கள் ஆறு உங்கள் துடுப்பைவிட வேகமாகத் தெரிந்தால், அதற்கும் நல்ல பதில் இருக்கு: அந்த ஆற்றில் கரையிலிருந்தே வீசுங்கள், படகை அமைதியான ஏரிக்கு எடுத்துப் போங்கள். மீன் அங்கேயும் இருக்கும்.